ஷீப் கிரீக், 20 ஏப்ரல் 2013: அறிந்தே நுழைந்த சரிவு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டென்வரிலிருந்து மேற்கே சுமார் ஒரு மணி நேரம் காரில் போனால் லவ்லண்ட் கணவாய் வரும். உயரம் 11,990 அடி. அதன் அருகே ஷீப் கிரீக் என்ற சிறு ஓடைப் பள்ளம் இருக்கிறது. 2013 ஏப்ரல் 20, சனிக்கிழமை காலை, அங்கே ஆறு பேர் பனிச்சரிவில் சிக்கினார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். 1962 ஜனவரியில் அதே மாநிலத்தின் ட்வின் லேக்ஸில் ஏழு பேரைக் கொன்ற சரிவுக்குப் பிறகு, கொலராடோவில் ஒரே பனிச்சரிவில் இத்தனை பேர் இறந்தது அன்றுதான்.

மலைப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் இந்த நிகழ்வை விடாமல் திரும்பத் திரும்ப எடுப்பதற்குக் காரணம் எண்ணிக்கை அல்ல. அந்த ஆறு பேரும் விவரம் தெரிந்தவர்கள். அன்று அவர்கள் அங்கே கூடியதே, பனிச்சறுக்குப் பலகையோடு திறந்த மலைக்குப் போகிறவர்கள் சந்தித்துக்கொள்ளவும், பனிச்சரிவுப் பாதுகாப்புக்கு ஆதரவு திரட்டவும் நடந்த ஒரு நிகழ்ச்சிக்காக. டிரான்ஸீவர் (பனியில் புதைந்தவரைத் தேட உதவும் வானொலி அலைக் கருவி), துழாவுகோல், மடக்கு மண்வாரி எல்லாம் கொண்டுபோயிருந்தார்கள். காற்றுப்பை பொருத்திய முதுகுப்பை போன்ற கூடுதல் சாதனங்களும் குழுவில் இருந்தன. கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையம் அன்று வெளியிட்ட முன்னறிவிப்பையும் படித்திருந்தார்கள். ஆபத்து எந்த வகையானது, எந்தத் திசை பார்த்த சரிவுகளில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அதைத் தவிர்க்கும் நோக்கத்தோடுதான் பாதையையும் வகுத்தார்கள்.

அறியாமை, அலட்சியம் என்ற இரண்டு எளிய விளக்கங்களும் இங்கே பொருந்தவில்லை. பிறகு எங்கே பிசகியது?

அடியில் கிடந்த சர்க்கரை

பதில் ஏப்ரலில் தொடங்குவதில்லை. பனிக்காலத்தின் தொடக்கத்துக்குப் போக வேண்டும்.

கொலராடோவின் ராக்கி மலைகள் கடலிலிருந்து வெகு தொலைவில் இருக்கின்றன. காற்று வறண்டது, இரவுகள் கடுங்குளிர், முன்பருவத்தில் விழும் பனி குறைவு. இந்த மூன்றும் சேர்ந்தால் பனியின் அடிப்பகுதி கெட்டுப்போகும். தரை கிட்டத்தட்ட 0 டிகிரியில் இருக்க, அதன்மேல் அரை மீட்டர் பனி மட்டும் கிடந்து, மேற்பரப்பு மைனஸ் 15 டிகிரிக்குப் போனால், ஒவ்வொரு 10 செ.மீ. உயரத்துக்கும் 3 டிகிரி வித்தியாசம் உண்டாகிறது. பத்து செ.மீ.க்கு ஒரு டிகிரி என்ற அளவைத் தாண்டினாலே பனியின் உருவம் மாறத் தொடங்கிவிடும். கீழேயிருந்து நீராவி மேலேறி, குளிர்ந்த பனித்துகள்களில் படிந்து, கோணங்களும் விளிம்புகளும் கொண்ட பெரிய படிகங்களாக வளரும். அவை ஒன்றோடொன்று ஒட்டாது. கையில் அள்ளினால் விரலிடுக்கில் சர்க்கரை போல ஒழுகும். அங்குள்ள மலைக்காரர்களும் அதைச் சர்க்கரைப் பனி என்றே சொல்கிறார்கள்.

ஒட்டாத இந்த அடுக்கின்மேல் அதற்குப் பிறகு விழும் பனியெல்லாம் ஏறி உட்காருகிறது. காற்று அதை வாரிக்கொண்டு வந்து காற்றுமறைவான சரிவுகளில் கொட்டி இறுக்குகிறது. நாளாக நாளாக மேலே கெட்டியான, தடித்த பாளம், கீழே வலுவற்ற படிகக் குவியல் என்ற அமைப்பு உருவாகிறது. 2013 ஏப்ரலில் கொலராடோவில் பனி நிறையப் பெய்தது. பருவம் முடியப்போகும் மாதத்தில் பழைய, பலவீனமான அடித்தளத்தின்மேல் புதுச்சுமை ஏறிக்கொண்டே போனது.

எச்சரிக்கை தாளில் மட்டும் வரவில்லை. ஏப்ரல் 18 அன்று, அதாவது இரண்டே நாள் முன்பு, வேய்ல் (Vail) கணவாய்க்குப் பக்கத்தில் டார்மிகன் ஹில் என்ற இடத்தில் பனிச்சறுக்குப் பலகையில் போன ஒருவர் பனிச்சரிவில் இறந்திருந்தார்.

வசந்தம் என்ற பெயரில் இரண்டு பருவங்கள்

ஏப்ரல் என்றால் மலையில் வசந்தம். வசந்தப் பனி என்றதும் திறந்த மலைக்குப் போகிறவர்களின் மனத்தில் எழும் சித்திரம் இனிமையானது. பகலில் வெயில் பனியின் மேற்பரப்பை உருக்கும். மேகமில்லாத இரவு அதை மீண்டும் உறையவைக்கும். இப்படிப் பல நாள் உருகியும் உறைந்தும் வந்தால் பனித்துகள்கள் உருண்டையாகி, சோள மணி அளவில் சீராக அமைந்துவிடும். விடியற்காலையில் அது சிமென்ட் தளம் போல இருக்கும். வெயில் ஏறி மேலே ஓரிரண்டு செ.மீ. இளகும் வேளையில் சறுக்குவதற்கு அதைவிடச் சிறந்த பனி கிடையாது. இதற்கான ஒழுங்கும் எளிது: இருட்டில் கிளம்பு, கிழக்குச் சரிவில் முதலில் இறங்கு, பிறகு தெற்கு, பிறகு மேற்கு, கால் கணுக்கால் வரை புதையத் தொடங்கியதும் வெளியேறு. இரவில் மேகம் மூடி பனி உறையவில்லையென்றால் கிளம்பவே கிளம்பாதே.

இந்த ஒழுங்கு ஈரப் பனிச்சரிவுக்கானது. உருகிய நீர் பனிக்குள் இறங்கி பிணைப்புகளைத் தளர்த்துவதால் வருவது அது. கடிகாரத்தைப் பார்த்தே பெருமளவு தவிர்த்துவிடலாம். மணி பத்தரைக்குப் பாதுகாப்பாக இருந்த சரிவு ஒன்றரைக்கு ஆபத்தாகிறது. மறுநாள் விடியலில் மறுபடி இறுகிவிடுகிறது.

ஆனால் அதே ஏப்ரலில், அதே மலையில், வடக்கு பார்த்த சரிவு இன்னொரு பருவத்தில் இருக்கும். 12,000 அடி உயரத்தில் வெயில் சாய்வாக மட்டுமே படும் இடங்களில் ஜனவரி இன்னும் முடிந்திருக்காது. பனி அடிவரை உலர்ந்தும் குளிர்ந்தும் கிடக்கும். உருகி உறைந்து சீராகும் வாய்ப்பு அந்தப் பனிக்கு இன்னும் வந்திருக்காது. சர்க்கரை அடுக்கும் அதன்மேல் பாளமும் குளிர்காலத்தில் இருந்தபடியே இருக்கும். கடிகாரம் இங்கே உதவாது. காலை ஆறு மணிக்குப் போனாலும் அதே ஆபத்துதான். அதிகாலையில் கிளம்பியவர் கூடுதல் பாதுகாப்போடு இருப்பதாக நினைத்துக்கொள்வது மட்டுமே மிச்சம். ஷீப் கிரீக்கில் பனி உடைந்தது காலை நேரத்தில். அதற்கும் உருகலுக்கும் தொடர்பில்லை.

வசந்தகாலப் பாதுகாப்பு பற்றிய பொது அறிவுரைகளில் நான் காணும் பெரிய குறை இதுதான். சீக்கிரம் கிளம்பி சீக்கிரம் திரும்பு என்பதோடு பல கட்டுரைகள் முடிந்துவிடுகின்றன. இரண்டு நோய்க்கு ஒரே மருந்து.

பாதை

குழுவின் திட்டம் மோசமானதல்ல. முன்னறிவிப்பு வடக்கும் அதையொட்டிய திசைகளும் பார்த்த சரிவுகளில் ஆழத்தில் நிலைத்திருக்கும் பாளங்களைச் சுட்டியிருந்தது. அவற்றில் ஏறவோ சறுக்கவோ அவர்கள் எண்ணவில்லை. சிறிய, சாய்வு குறைந்த இடங்களில் மட்டும் சுற்றிவிட்டுத் திரும்புவது என்று முடிவு செய்திருந்தார்கள். சிக்கல் என்னவென்றால், பாதுகாப்பான அந்த இடத்துக்குப் போகும் வழி பாதுகாப்பற்ற சரிவின் கீழ்ப்பகுதி வழியாகச் சென்றது.

அதையும் அவர்கள் கவனித்தார்கள். மேலே இருக்கும் சரிவு ஆபத்தானது என்று உணர்ந்து, ஒருவருக்கொருவர் சுமார் 50 அடி இடைவெளி விட்டு, எதிரே தெரிந்த ஒரு சிறு மரக்கூட்டத்தை நோக்கி நடந்தார்கள். மரங்களுக்கு நடுவே போய்விட்டால் தப்பித்தோம் என்பது கணக்கு. முன்னே போனவர்கள் மரங்களை நெருங்கும்போது காலடியில் பனி அமுங்கியது. உள்ளே வெற்றிடம் சரிவதுபோல ‘வும்’ என்ற அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள் என்பார்கள். பாளத்தின் அடியில் இருந்த அடுக்கு நொறுங்கும் ஓசை அது. உடைப்பு அவர்கள் நின்ற இடத்தில் நிகழவில்லை. சில நூறு அடி மேலே பனி பிளந்தது. மரங்களை நோக்கி ஓடுவதற்குச் சில விநாடிகள் கிடைத்தன. அவ்வளவுதான்.

உடைந்த பாளத்தின் அகலம் சுமார் 800 அடி. இறங்கிய உயரம் சுமார் 600 அடி. பனிச்சரிவு உலகில் 600 அடி பெரிய தூரமல்ல. ஆல்ப்ஸிலும் இமயத்திலும் அதைப்போல் பல மடங்கு ஓடும் சரிவுகள் சாதாரணம். ஆனால் கீழே ஓடைப் பள்ளம் இருந்தது. அகன்ற சமவெளியில் விழுந்திருந்தால் பரவியிருக்கும் பனி, பள்ளத்தில் போக இடமின்றிக் குவிந்து ஆளுயரத்துக்கு மேல் ஏறியது.

50 அடி, 800 அடி

இந்த நிகழ்வில் மிக முக்கியமான இரண்டு எண்கள் இவை.

இடைவெளி விட்டு நடப்பது மலையில் எல்லோரும் கற்கும் பாடம். சிறிய பாளம் ஒன்று, முப்பது நாற்பது அடி அகலத்தில் உடைந்தால், ஒருவர் மட்டும் சிக்குவார். மற்றவர்கள் தோண்டி எடுப்பார்கள். புயலுக்கு மறுநாள் புதுப்பனி மேலோட்டமாக வழுக்கும் சூழலில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆறு பேர் 50 அடி இடைவெளியில் வரிசையாக நின்றால் ஐந்து இடைவெளிகள். மொத்த வரிசையின் நீளம் 250 அடி. எண்ணூறு அடி அகலத்தில் உடையும் பாளத்துக்குள் அந்த வரிசை மூன்று முறை அடங்கும். உண்மையில் ஒருவரை மட்டுமே ஆபத்தில் நிறுத்த வேண்டுமென்றால் ஒருவர் முழுச் சரிவையும் கடந்து, மறுபக்கம் பனி வந்து சேர முடியாத இடத்தை அடைந்த பிறகே அடுத்தவர் காலடி வைக்க வேண்டும். மற்ற ஐவரும் இப்பால் அதே போன்ற இடத்தில் காத்திருக்க வேண்டும். ஆறு பேருக்கு அது நேரம் பிடிக்கும், குளிரும், சலிப்பு தட்டும். 50 அடி இடைவெளி அந்தச் சலிப்போடு செய்துகொண்ட சமரசம்.

மரக்கூட்டத்தின் கணக்கும் இதே ரகம். அடர்ந்த முதிர்ந்த காடு பனியைப் பிடித்துவைக்கும். சரிவின் நடுவே தனித்து நிற்கும் சில மரங்கள் அப்படியல்ல. பெரிய பனிச்சரிவு அவற்றின் மேலும் ஊடும் போய்விடும். சிறிய சரிவுக்குத் தீவாக இருக்கும் இடம் பெரிய சரிவுக்கு வெறும் தடம். பாதுகாப்பான இடம் எது என்ற கேள்விக்கு, எந்த அளவுச் சரிவுக்கு என்ற துணைக்கேள்வி இல்லாமல் பதில் கிடையாது. முன்னறிவிப்பில் வந்த பிரச்சினையின் பெயரே, வந்தால் பெரிதாக வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஆழப் பாளத்தின் இயல்பு இன்னும் விசித்திரமானது. ஒன்றரை மீட்டர் தடிமனான கெட்டிப் பாளத்தின்மேல் ஒருவர் நிற்கும்போது அவருடைய எடை பரவிப்போய் அடி அடுக்கை எட்டுவதே இல்லை. இருபது பேர் கடந்தும் எதுவும் நடக்காது. அவர்களுடைய தடங்களைப் பார்த்து வருபவர், தாங்கும் என்று நம்புவார். பாளம் மெலிந்திருக்கும் இடம், பாறையோரம், சரிவின் விளிம்பு, அடிவாரம் ஆகியவற்றில் ஒருவர் மிதித்தால் எடை நேராக அடுக்கில் இறங்கும். அங்கே தொடங்கிய நொறுங்கல் பாளத்தின் அடியிலேயே ஓடி, பல நூறு அடி தள்ளி, செங்குத்தான இடத்தில் பாளத்தை விடுவிக்கும். பள்ளம் தோண்டிச் செய்யும் வழக்கமான சோதனைகளும் இதைக் கண்டுபிடிக்கப் போதாது. அவை மேலேயுள்ள ஒரு மீட்டர் அளவுக்குத்தான் நம்பகமானவை. அடிவாரத்தில் நடப்பது மேலே நடப்பதைவிடப் பாதுகாப்பு என்ற பொதுப்புத்தி இவ்வகைப் பனியில் தலைகீழாகிவிடுகிறது.

தோண்ட ஆளில்லை

பனிச்சரிவில் முழுதாகப் புதைந்தவரின் உயிருக்குக் கெடு மிகக் குறுகியது. முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் எடுத்துவிட்டால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மிகச் சிலரே. ஆகவே மலையில் மீட்பு என்பது ஹெலிகாப்டரில் வருவதல்ல. கூட வந்தவர்கள் கையிலுள்ள மண்வாரியில் இருக்கிறது. 457 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் டிரான்ஸீவரின் பயன் முழுவதும், அதைக் கேட்கும் இன்னொருவர் மேலே நிற்கிறார் என்ற ஒரே அனுமானத்தின்மேல் கட்டப்பட்டது. ஷீப் கிரீக்கில் ஆறு பேரும் ஒரே நேரத்தில் சிக்கியதால் ஆறு கருவிகளும் ஒலிபரப்பின, பெற்றுக்கொள்ள எவருமில்லை.

உயிர் பிழைத்தவரின் ஒரு கையின் முன்பகுதி மட்டும் பனிக்கு வெளியே இருந்தது. அந்தக் கையால் முகத்தைச் சுற்றியிருந்த பனியை விலக்கி மூச்சுக்கு வழி செய்துகொண்டார். அதற்குமேல் அசைய முடியவில்லை. இறுகிய பனிச்சரிவுக் குவியல் உடலைக் கவ்விப் பிடித்துவிடும். தன்னைத்தானே தோண்டிக்கொள்வது நடவாத காரியம். மீட்புக் குழுவினர் வந்து அவரை வெளியே எடுத்தபோது சுமார் நான்கு மணி நேரம் ஆகியிருந்தது.

காற்றுப்பை பற்றி இரண்டு வார்த்தை. அது மனிதனைப் பனி ஓட்டத்தின் மேற்பரப்புக்கு அருகில் வைத்திருக்க உதவும் சாதனம். பனி வெகுதூரம் ஓடினால்தான் அந்த மிதப்பு நிகழ நேரமிருக்கும். அடிவாரத்துப் பள்ளத்தில் நிற்பவர்மேல் பனி வந்து குவியும்போது மிதப்பதற்கு ஓட்டமே இல்லை. சாதனம் பழுதில்லை, இடம் அதற்கானதல்ல.

மூன்றாம் நிலை

அன்றைய ஆபத்து நிலை ஐந்தில் மூன்று. வட அமெரிக்க அளவுகோலில் ஒன்று குறைவு, ஐந்து உச்சம். நடுவில் இருக்கும் எண் என்பதால் மூன்றை மிதம் என்று வாசிக்கும் பழக்கம் பலருக்கும் இருக்கிறது. மிதம் என்பது இரண்டாம் நிலை. மூன்றாம் நிலையில் மனிதர்கள் தூண்டும் பனிச்சரிவு நிகழ வாய்ப்பு அதிகம் என்பதுதான் பொருள். நான்கிலும் ஐந்திலும் மக்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். மூன்றில் கவனமாகப் போகலாம் என்று கிளம்புகிறார்கள். உயிரிழப்புகளில் பெரும்பங்கு அங்கேதான் விழுகிறது.

அந்த எண்ணுக்குள் இன்னொரு மயக்கமும் ஒளிந்திருக்கிறது. ஒரு சரிவு உடைய வாய்ப்பு, உடைந்தால் எவ்வளவு பெரிது என்ற இரண்டையும் சேர்த்து ஒரே இலக்கமாக்குகிறார்கள். அடிக்கடி உடையும் சிறு பாளங்களும் மூன்றாகலாம். எப்போதாவது உடையும் பிரம்மாண்டப் பாளமும் மூன்றாகலாம். முதல் வகைக்கு இடைவெளி, மரம், வேகம் எல்லாம் விடை. இரண்டாம் வகைக்கு ஒரே விடை: அந்தச் சரிவின் மேலும் கீழும் போகாமலிருப்பது. அக்குழு இரண்டாம் வகைப் பிரச்சினையை முதல் வகைக் கருவிகளால் சமாளிக்க முயன்றது என்பதே என் வாசிப்பு.

கூட்ட மனநிலை, விழாச் சூழல், ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை ஆகியவற்றைக் காரணமாகச் சொல்லும் விளக்கங்களும் உண்டு. ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் மனத்துக்குள் என்ன ஓடியது என்று இறந்தவர்களைக் கேட்க முடியாது. நிலத்தை அளக்க முடியும்.

சியாச்சினில் 2016 பிப்ரவரியில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதைந்தபோதுதான் தமிழ்நாட்டு வீடுகளில் பலரும் பனிச்சரிவு என்ற சொல்லைக் கூர்ந்து கேட்டார்கள். அந்த வீரர்களுக்கு இருப்பிடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. பொழுதுபோக்காக மலைக்குப் போகிறவருக்கு அந்த உரிமை முழுதாக இருக்கிறது. அதனால்தான் உத்தராகண்டிலும் இமாசலத்திலும் ஏப்ரல், மே மாத மலையேற்றத்துக்குப் பதிவு செய்யும் நம்மவர்கள், வழிகாட்டியிடம் கேட்க வேண்டியது பனி எவ்வளவு ஆழம் என்பதல்ல. முகாமுக்கும் பாதைக்கும் மேலே என்ன இருக்கிறது, அது எந்தத் திசை பார்க்கிறது என்பது.

இப்போது பல வரைபடச் செயலிகள் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளை மஞ்சள், சிவப்பு என நிறமிட்டுக் காட்டுகின்றன. பாளங்கள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளில் உடைவதால் அந்த நிறங்கள் பயனுள்ளவைதான். ஆனால் அவை தொடக்க இடத்தை மட்டுமே காட்டும். உடைந்த பனி வந்து நிற்கும் தட்டையான அடிவாரமும் ஓடைப் பள்ளமும் திரையில் வெள்ளையாகவே இருக்கும். பெரிய பனிச்சரிவுகள் ஓடி நின்ற இடத்திலிருந்து அவை உடைந்த இடத்தை அண்ணாந்து பார்த்தால் கோணம் பெரும்பாலும் 20 முதல் 30 பாகைக்குள் வருகிறது. பாதையில் ஓரிடத்தில் நின்று, சாய்மானியை (சாய்வுக் கோணம் அளக்கும் கருவி) மேலே தெரியும் சரிவின் உச்சிக்குப் பிடித்துப் பாருங்கள். முப்பதுக்கு மேல் காட்டினால், திரை என்ன நிறம் காட்டினாலும் நீங்கள் பனிச்சரிவின் பாதைக்குள்தான் நிற்கிறீர்கள். இருபதுக்கும் கீழே இறங்கும் வரை விலகிப் போய், அங்கே உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம்.